துண்டு போட்ட எண்கள்

மனிதன் இதுவரை கண்ட நிரந்தரங்கள் இரண்டு. ஒன்று கல்வெட்டு. மற்றொன்று தென்வெள்ளாறு பல்கலைக்கழகம் தன் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழங்கும் டி.ஓ.ஐ. எண். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாம். அதில் அரிவாள் தீட்டலாம், ஆடு கட்டலாம். எங்கள் எண்ணை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பெருமையோடு சொல்கிறேன். பெருமைப்படுவது என் பணி விவரத்தில் இருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் நெடுஞ்சாலையில், முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. விரைவுப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. ஓட்டுநருக்கு மனமிருந்தால் வேகத்தைக் குறைப்பார். அந்த வேகத்தில் இறங்கத் தெரிந்தவர்களே எங்களிடம் உயர்கல்வி பெற முடியும். நான் தமிழ்த்துறையில் உதவிப் பேராசிரியர். பெயர் மலையாண்டி. யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு மாணவர்கள் வராததால் எனக்கு நேரம் இருப்பதை நிர்வாகம் கண்டறிந்தது. என்னை 'நிரந்தர எண் மைய'த்தின் ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. மையம் முன்பு ஜெராக்ஸ் அறையாக இருந்தது. ஜெராக்ஸ் இயந்திரம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் மையத்தின் கணிப்பொறி இருக்கிறது.

இந்த எண் எதற்கு என்று வெளியாட்கள் கேட்கிறார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரை இணையத்தில் ஓரிடத்தில் இருக்கும். நாளை அந்த இதழ் நின்றுபோகும், தளத்தின் பெயர் மாறும், கட்டுரை வேறு இடத்துக்குக் குடிபோகும். பழைய முகவரியைத் தட்டினால் ஒன்றும் வராது. அதனால் கட்டுரைக்கென்று ஓர் எண் கொடுத்துப் பொதுவான பதிவகம் ஒன்றில் பதிந்துவைக்கிறார்கள். கட்டுரை எங்கே போனாலும் எண் அங்கே கொண்டுபோய் விடும். உலகத்தில் மற்றவர்கள் முதலில் கட்டுரை எழுதுகிறார்கள், பிறகு எண் வாங்குகிறார்கள். இந்த வரிசையில் உள்ள கால விரயத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் துணைவேந்தர் முனைவர் ஆத்மநாதன்.

அந்தக் கண்டுபிடிப்பு ஆட்சிக்குழு அறையில் நிகழ்ந்தது. மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தகவல் வந்திருந்தது. அந்தக் குழு எண் பெற்ற கட்டுரைகளைக் கணக்கெடுத்துத் தரம் வழங்கும். நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்று துணைவேந்தர் கேட்டார். துறைத் தலைவர்கள் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். நடவடிக்கைக் குறிப்பில் அதை 'விரிவான விவாதம்' என்று பதிவு செய்தேன். துணைவேந்தர் மெல்லத் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்.

"தீபாவளிக்கு முந்தின நாளு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல என்ன செய்றீங்க? ஜன்னல் வழியா துண்டப் போடுறீங்க. ஆளு பின்னாடி ஏறுறான். சீட்டு யாரோடது?"

"துண்டு போட்டவனோடது சார்," என்றார் வணிகவியல் துறைத் தலைவர். அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் மதுரைக்குப் போகிறவர்.

"அம்புட்டுத்தான்."

இவ்வாறு எளிய மக்களின் நடைமுறை ஒன்று உயர்கல்விக்குள் நுழைந்தது. தீர்மானம் அதை 'முன்கூட்டிய நிரந்தர எண் ஒதுக்கீட்டுத் திட்டம்' என்று அழைத்தது. பேராசிரியர்கள் துண்டு போடுவது என்றே அழைத்தார்கள். வரும் ஐந்தாண்டுகளில் எழுதப்போகும் கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் ஒவ்வொரு துறையும் அனுப்ப வேண்டும். மையம் உடனே எண் பெற்றுத் தரும். கட்டுரையை வசதிப்படும்போது எழுதிக்கொள்ளலாம்.

இதுவரை கண்டிராத ஆய்வு எழுச்சி ஏற்பட்டது. இயற்பியல் துறை பாடத்திட்டத்தின் அலகுத் தலைப்புகளை அப்படியே அனுப்பியது. வணிகவியல் துறை, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் திருப்தி நிலை என்ற ஒரே தலைப்பை முப்பத்தெட்டு மாவட்டங்களுக்கும் தனித்தனியாக அனுப்பியது. அரசு இன்னொரு மாவட்டத்தைப் பிரித்தால் இன்னொரு கட்டுரை கிடைக்கும் என்று அடிக்குறிப்பும் இருந்தது. துணைவேந்தர் தம் குடியரசு தின உரைக்கு ஓர் எண் பெற்றார். அதே உரையைச் சுதந்திர தினத்தன்று நிகழ்த்தி இன்னொரு எண் பெற்றார். அது 'திருத்திய பதிப்பு' எனப்பட்டது. திருத்தப்பட்டது மாதத்தின் பெயர்.

ஆசிரியர்கள் யார் என்பதில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒரு விதி வகுக்கப்பட்டது. எல்லாக் கட்டுரைகளுக்கும் முதல் ஆசிரியர் துணைவேந்தர். எல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கிறது. இரண்டாம் ஆசிரியர் துறைத் தலைவர். துறை அவருடையது. மூன்றாம் ஆசிரியர் நான். தட்டச்சு என் மேற்பார்வையில் நடக்கிறது. தட்டச்சு செய்தவர் கணிப்பொறி இயக்குநர் சார்லஸ். அவர் பெயரைச் சேர்க்க இடமில்லை. இந்த விதியின்படி நான் ஒரே வாரத்தில் நானோ தொழில்நுட்பத்திலும் கடல் உயிரியலிலும் அறிஞன் ஆனேன். என் மனைவியிடம் சொன்னேன். கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டார்.

எண்ணைத் தட்டினால் எங்கள் தளத்தில் அழகான ஒரு பக்கம் திறக்கும். தலைப்பு இருக்கும். சுருக்கம் இருக்கும். மூவர் பெயரும் தடித்த எழுத்தில் இருக்கும். கீழே 'முழுக் கட்டுரை விரைவில்' என்று இருக்கும். அதன் பக்கத்தில் 'புதிது' என்ற சொல் சிவப்பில் மின்னும். அது தானாக நிற்காது. நிறுத்தவும் சார்லஸுக்குத் தெரியவில்லை.

சுற்றுச்சூழல் அறிவியல் துறையின் தலைவர் பேராசிரியர் வெற்றிசெல்வன். களப்பணியை மிகவும் மதிப்பவர். அதனாலேயே அதை மாணவர்களிடம் விட்டுவிடுவார். தலைப்பு அனுப்பக் கடைசி நாளன்று அவர் திருமயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். மையத்திலிருந்து நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் இடது கையால் கைப்பேசியைத் துழாவினார். கண்ணில் முதலில் பட்ட தலைப்பையும் சுருக்கத்தையும் எனக்குத் தள்ளிவிட்டார். அவருடைய ஆய்வு மாணவி தேவிப்ரியா தம் முன்னேற்ற அறிக்கையில் அனுப்பியவை அவை. மணமேல்குடி வட்டாரக் கடலோரக் கிணறுகள் உப்பானதில் இறால் பண்ணைகளின் பங்கு என்பது தலைப்பு. சார்லஸ் அதற்கு எண் வாங்கினார். பாயசம் வருவதற்குள் கட்டுரை நிரந்தரமாகிவிட்டது.

தேவிப்ரியாவுக்கு இது தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் மணமேல்குடிப் பக்கத்துக்காரர். பல வருடங்களாக ஸ்கூட்டியில் கடலோர ஊர்களுக்குப் போய், கிணறு கிணறாகத் தண்ணீர் மொண்டு, பாட்டிலில் அடைத்து, துறையின் ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் கருவி பழுதானால் காரைக்குடிக்கு பஸ்ஸில் எடுத்துப்போவார். பண்ணைக்காரர்கள் இரண்டு முறை அவருடைய பாட்டில்களை உடைத்திருக்கிறார்கள். இதெல்லாம் ஆய்வு அல்ல. ஆய்வுக்கு முந்தைய நிலை.

எங்கள் விதிப்படி, வெளி இதழ் ஒன்றில் எண்ணோடு ஒரு கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். தேவிப்ரியாவின் பதிவுக் காலம் அந்த ஆண்டோடு முடிகிறது. முனைவர் பட்டம் இருந்தால் அரசுக் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்திருந்தது. அவர் கட்டுரையை முடித்து ஒரு நல்ல இதழுக்கு அனுப்பினார். இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. இதே தலைப்பில், எழுத்துக்கு எழுத்து இதே சுருக்கத்துடன், வேறு மூன்று அறிஞர்களின் கட்டுரை ஏற்கெனவே நிரந்தர எண் பெற்றிருப்பதாகச் சொன்னது. இதைக் கருத்துத் திருட்டாகக் கருதி விசாரிக்கும்படி பல்கலைக்கழகத்தையும் கேட்டுக்கொண்டது.

பல்கலைக்கழகம் பெருமகிழ்ச்சி அடைந்தது. எங்கள் எண்ணை வெளியுலகில் ஒருவர் பார்த்தது அதுவே முதல் முறை. சிஸ்டம் வேலை செய்கிறது என்று துணைவேந்தர் என் தோளில் தட்டினார். உடனே 'கருத்துத் திருட்டு விசாரணைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் துணைவேந்தர். உறுப்பினர் வெற்றிசெல்வன். செயலர் நான். மூவரும் பாதிக்கப்பட்டவர்கள். பாதிக்கப்பட்டவர்களைவிட அக்கறையாக யார் விசாரிப்பார்கள்?

விசாரணைக்குப் பெற்றோரை அழைத்துவர வேண்டும் என்று தேவிப்ரியாவுக்கு உத்தரவு போனது. அவருக்கு வயது முப்பதை நெருங்குகிறது. ஆனாலும் கருத்துத் திருட்டுக்கென்று எங்களிடம் தனி விதிகள் இல்லாததால் விடுதி ஒழுங்கு விதிகளைக் கடன் வாங்கியிருந்தோம். சுவரேறிக் குதித்தவர்களுக்கான பிரிவு இதற்கு நெருக்கமாக இருந்தது.

தேவிப்ரியா வந்தார். கூடவே அவருடைய அம்மா முத்துமாரியம்மாள் ஒரு சாக்கில் தேங்காய் கொண்டுவந்தார். வாசலிலேயே எல்லோரையும் கும்பிட்டார். குழு தேங்காயை ஏற்றுக்கொண்டது. குறிப்பில் அது இடம்பெறவில்லை.

"இந்தக் கட்டுரைய எங்கேருந்தும்மா எடுத்த?" என்று துணைவேந்தர் தொடங்கினார்.

"நான் எழுதுனது சார்."

"எழுதுனது தெரியுது. எங்கேருந்து எடுத்த?"

"கெணத்துலேருந்து சார்."

ஆதாரம்: கிணறு என்று குறித்துக்கொண்டேன்.

தேவிப்ரியா அழவில்லை. விடுதி விதிகளின்படி இந்த இடத்தில் அழுவார்கள். அவர் தாம் திருடியதாகச் சொல்லப்படும் கட்டுரையைப் பார்க்க வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை. நான் எண்ணைத் தட்டித் திரையில் காட்டினேன். தலைப்பு வந்தது. சுருக்கம் வந்தது. மூவர் பெயரும் வந்தது. துணைவேந்தர் தம் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"இன்னும் கீழ போங்க சார்," என்றார் தேவிப்ரியா.

போனேன். 'முழுக் கட்டுரை விரைவில்.' புதிது மின்னியது.

"இதுல கட்டுரையே இல்லையே சார். இன்னும் யாரும் எழுதவே இல்லையே."

துணைவேந்தர் பொறுமையானவர். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அதாம்மா குத்தம். நாங்க எழுதறதுக்குள்ள நீ எழுதிட்ட."

எழுதப்படாத ஒன்றிலிருந்து ஒருவர் எப்படி எழுத்துக்கு எழுத்து நகலெடுக்க முடியும் என்ற வியப்பு எனக்கும் இருந்தது. குற்றத்தின் தீவிரத்தை அது கூட்டியதாகவே குழு கருதியது. சாதாரணத் திருடர்கள் இருப்பதைத்தான் திருடுவார்கள்.

தேவிப்ரியா தம் வழிகாட்டியின் பக்கம் திரும்பினார். அந்தச் சுருக்கம் தாம் அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியது என்றார். பேராசிரியர் வெற்றிசெல்வன் அதை மறுக்கவில்லை. அவர் நேர்மையானவர்.

"அனுப்புனதில்லம்மா அது. சமர்ப்பிச்சது. சமர்ப்பிச்சிட்டா அது டிபார்ட்மெண்டோடது." பிறகு அவர் குரல் தழுதழுத்தது. "எங்கிட்ட எத்தன பிள்ளைக பி.எச்டி. பண்ணுது? யாரோட தலைப்பயாவது எடுத்தேனா? ஒன்ன எம் மக மாதிரி நெனச்சுத்தான ஒன்னோடத எடுத்தேன்."

முத்துமாரியம்மாள் அவரைக் கும்பிட்டார்.

அந்தப் பக்கத்தில் ஆசிரியர் என்று தம் பெயரைப் போடும்படி தேவிப்ரியா கேட்டார். நான் விளக்க வேண்டியிருந்தது. எண் நிரந்தரமானது. நிரந்தரமான ஒன்றில் உள்ள பெயரும் நிரந்தரமானது. அதைத் திருத்துவது அறிவியலுக்கு எதிரானது. இதைச் சொல்லும்போது யாப்பிலக்கணம் நடத்தியபோது வராத ஓர் அதிகாரம் என் குரலில் வந்ததை உணர்ந்தேன்.

குழு இரக்கமற்றதல்ல. ஒரு தீர்வை முன்வைத்தது. எங்களிடம் எண் இருக்கிறது, கட்டுரை இல்லை. மாணவியிடம் கட்டுரை இருக்கிறது, எண் இல்லை. இரண்டையும் சேர்த்துவைத்தால் போதும். இது 'இணைப்புத் தீர்வு' எனப்பட்டது. கட்டுரை அந்தப் பக்கத்தில் ஏறும். ஆசிரியர்கள் மூவரும் அப்படியே இருப்பார்கள். நன்றியுரையில், நீர் மாதிரி சேகரிப்பில் உதவியவர் என்று தேவிப்ரியாவின் பெயர் வரும். பதிலுக்குத் திருட்டு மன்னிக்கப்படும். வெளி இதழ் விதியும் தளர்த்தப்படும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம், பட்டம் வாங்கலாம், வேலைக்கு மனுப்போடலாம். ஒரே ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் எழுதுனதுல நான் ஒத்தாசைக்கு வந்த ஆளா சார்?"

நன்றியுரைதான் எல்லோரும் படிக்கிற பகுதி என்று துணைவேந்தர் ஆறுதல் சொன்னார். அனுபவத்தில் சொன்னார். அவர் படிப்பது அதை மட்டுமே.

முத்துமாரியம்மாள் மகளின் முழங்கையைப் பிடித்தார்.

"போட்டுரு ஆத்தா. பேருதான. பேரு எங்கிட்டுப் போயிரப் போகுது. வேலை கெடச்சா ஒனக்குன்னு ஒரு சம்பளம் வரும்ல."

"நம்ம கெணத்துத் தண்ணியும் அதுல இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். குடிக்க ஒதவாத தண்ணிதான. அத எந்தப் பேருல போட்டா என்ன."

தாயின் இந்த முதிர்ச்சியைக் குழு பாராட்டியது. மகள் கையெழுத்துப் போடவில்லை. யோசிக்க நேரம் கேட்டார். மதிப்பீட்டுக் குழு வரும்வரை தரப்பட்டது. இருவரும் பேருந்துக்குப் போனார்கள். காலிச் சாக்கை முத்துமாரியம்மாள் மடித்து எடுத்துக்கொண்டார்.

அந்த இடைவெளியில் தேவிப்ரியா ஒரு காரியம் செய்தார். எண்களைப் பதியும் பதிவகத்துக்கே போன் பேசிவிட்டார். எங்களில் யாருக்கும் தோன்றாத செயல். அவர்கள் தெளிவாகச் சொன்னார்களாம். எண் மட்டும்தான் நிரந்தரம். ஆசிரியர் பெயர், தலைப்பு, சுருக்கம் எதுவானாலும் பதிந்த நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். தவறாகப் பதிந்திருந்தால் அந்தப் பக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டது என்று குறிப்புப் போடலாம். கட்டுப்பாடு எதுவும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு இது தெரிந்திருக்குமே என்றும் கேட்டார்களாம்.

இதை அவர் என்னிடம் வந்து சொன்னார். நான் துணைவேந்தரிடம் கொண்டுபோனேன்.

"எண்ணு நிரந்தரம், பேரு மட்டும் தற்காலிகமா? அப்ப நான் தற்காலிகமா?"

பதிவகத்தின் கருத்து பதிவகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த வாரம் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. எல்லோருக்கும் அது அதிர்ச்சி. முன்கூட்டியே தெரிந்த தேதிதான், ஆனாலும் அவரிடம் யாரும் சொல்லத் துணியவில்லை. நிரந்தர எண் திட்டத்தின் தந்தை ஒரு சந்தன மாலையோடும் இரண்டு சால்வைகளோடும் காரில் ஏறிப் போனார். புதிய துணைவேந்தராக முனைவர் அமராவதி பொறுப்பேற்றார். கண்டிப்பானவர், நேரம் தவறாதவர். பொறுப்பேற்ற காலையில் என்னை அழைத்தார். தம் பெயரில் பல்கலைக்கழகத்தில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மையத்துக்கு ஓடினேன். சார்லஸ் கணிப்பொறிக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். ஆத்மநாதன் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அமராவதி. வாங்கி வைத்திருந்த டீ ஆறுவதற்குள் எல்லா எண்களும் திருந்திவிட்டன. வரலாற்றுத் துறையின் 'ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதன் வழிபாடு' என்ற கட்டுரை மட்டும் 'ஆவுடையார்கோவிலில் அமராவதி வழிபாடு' ஆகிவிட்டது. துணைவேந்தரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

இது நடந்தபோது தேவிப்ரியா மையத்தில்தான் இருந்தார். தம் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்க வந்து, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உட்கார அங்கே நாற்காலி இல்லை. அவர் சார்லஸின் திரையை முழுவதுமாகப் பார்த்துவிட்டார்.

"இப்ப மாத்துனீங்களே சார்," என்றார் என்னிடம்.

"அது நிர்வாகத் திருத்தம்மா."

"அதே மாதிரி எனக்கும் மாத்துங்க."

"ஒனக்குச் செஞ்சா அது கல்வித் திருத்தம். அதுக்குக் கல்விக்குழு கூடணும்."

"எப்பக் கூடும்?"

"துணைவேந்தர் கூட்டணும். ஆனா இந்தக் கட்டுரைக்கு இப்ப அவங்கதான் முதல் ஆசிரியர். தன்னோட கட்டுரையப் பத்தித் தானே முடிவெடுக்குறது முறையில்ல. அதனால கூட்ட மாட்டாங்க."

தேவிப்ரியா சார்லஸைப் பார்த்தார். "எவ்வளவு நேரமாகும்ணே?"

"இப்பவே ஆகும்மா. பேரச் சொல்லு," என்றார் சார்லஸ். விரலைக்கூட விசைப்பலகையில் வைத்துவிட்டார்.

பல்கலைக்கழக வரலாற்றிலேயே மிக ஆபத்தான நொடி அது. நான் மின்சாரத்தை நிறுத்தினேன். சார்லஸுக்கு அன்றே குறிப்பாணை கொடுத்தேன். உரிய அதிகாரம் இன்றி உண்மையைப் பதிய முற்பட்டது என்று எழுதத்தான் கை போனது. அடித்துவிட்டு, பணியில் அலட்சியம் என்று எழுதினேன்.

மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய நாள் தேவிப்ரியா கடைசியாக வந்தார். இணைப்புத் தீர்வுக்கான தாளை என் மேசையில் வைத்தார். கையெழுத்து இல்லை. நான் நல்லதற்குத்தான் சொன்னேன். எங்கள் பேராசிரியர்களில் பாதிப் பேர் இப்படித்தான் யாருக்கோ உதவியவர்களாகத் தொடங்கினார்கள் என்றேன். இன்னும் சில வருடங்களில் அவரும் ஒரு மாணவியின் கட்டுரைக்கு ஆசிரியர் ஆகலாம் என்றேன். அரசு வேலை வாய்ப்பு போய்விடும் என்று நினைவூட்டினேன்.

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லுது சார். மூணு நாளா எங்கூடப் பேசல." பையைத் தோளில் மாட்டினார். "கட்டுரை எங்கிட்டயே இருக்கட்டும். வாரேன்."

அன்று மாலையே அவருடைய ஆய்வுப் பதிவு ரத்து செய்யப்பட்டது. காரணம் கருத்துத் திருட்டு. ஆணையில் மூன்று கையெழுத்துகள். ஒன்று என்னுடையது.

மதிப்பீட்டுக் குழு வந்தது. வாசலில் நாதஸ்வரம் வைத்திருந்தோம். திருமயம் கோட்டையின் பித்தளை உருவமும் வறுத்த முந்திரியும் கொடுத்தோம். அவர்கள் எங்கள் எண்களின் எண்ணிக்கையைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் ஓர் எண்ணைத் தட்டிப் பார்க்க விரும்பினார். தட்டினார். பக்கம் திறந்தது. கட்டுரை திறக்கவில்லை. நெட் ஸ்லோ என்றேன். அவர் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

"எங்க யுனிவர்சிட்டியிலயும் இதே பிரச்சனைதான்," என்றார்.

பிறகு கருத்துத் திருட்டைத் தடுக்க என்ன ஏற்பாடு என்று கேட்டார். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. மென்பொருள் வாங்கியிருக்கிறோம் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் சொல்லுமாம். நடவடிக்கை எடுத்த வழக்கு ஒன்றைக் காட்டுங்கள் என்றால் விழிப்பார்களாம். நாங்கள் விழிக்கவில்லை. துணைவேந்தர் அமராவதி கையை நீட்டினார். நான் கோப்பை வைத்தேன். முந்தைய நாள் ஆணை. மை உலர்ந்திருந்தது. உறுப்பினர் படித்துவிட்டு எழுந்து நின்று துணைவேந்தரோடு கைகுலுக்கினார். சொந்த மாணவி என்றும் பாராமல் எடுத்த நடவடிக்கை என்று வெற்றிசெல்வனையும் பாராட்டினார். வெற்றிசெல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்களுக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. நெடுஞ்சாலையில் அந்தத் தரத்தைப் பொறித்து அலங்கார வளைவு வைத்தோம். இப்போது விரைவுப் பேருந்துகளும் வளைவைப் படிப்பதற்காக வேகத்தைக் குறைக்கின்றன.

தேவிப்ரியா மணமேல்குடியில் கேன் தண்ணீர் விற்கும் ஒரு கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் இருப்பதாகக் கேள்வி. கிணற்றுத் தண்ணீர் உப்பானதால் அங்கே வியாபாரம் நன்றாக நடக்கிறதாம். முத்துமாரியம்மாள் வீட்டிலும் இப்போது கேன்தானாம். கட்டுரை தேவிப்ரியாவிடமே இருக்கிறது. எந்த இதழுக்கு அனுப்பினாலும் எங்கள் எண் முன்னால் வந்து நிற்கிறது, கட்டுரை திரும்பி வருகிறது. எங்கள் எண் அவ்வளவு நம்பகமாக வேலை செய்கிறது.

பேராசிரியர் வெற்றிசெல்வனிடம் இனியா என்ற புதிய மாணவி ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறார். சேர்ந்த அன்றே அவருக்குத் தலைப்பு தயாராக இருந்தது. அதற்கு எண்ணும் தயாராக இருந்தது. ஆசிரியர்களும் தயார். போய்த் தண்ணீர் மட்டும் எடுத்துவர வேண்டும்.

சிலர் வேறு மாதிரி பேசுகிறார்கள். பல்கலைக்கழக வாசல் டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். அந்தப் பெண்ணின் கட்டுரையைப் பல்கலைக்கழகம் திருடிவிட்டதாம். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையிலும் கட்டுரையின் மூன்றாம் ஆசிரியர் என்ற முறையிலும் அதை வன்மையாக மறுக்கிறேன். ஒரு கட்டுரையைத் திருட வேண்டுமானால் அதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். எங்கள் மூவரில் ஒருவரும் படித்ததில்லை.